ஆறு பிரௌசர்களும் ஒரு ஜன்னலோர இருக்கையும்

மடிக்கணினியின் விசிறி உச்சத்தில் இரையும்போதெல்லாம் அருப்புக்கோட்டையின் அந்த மாடி அறை எனக்குத் திரும்பி வந்துவிடும். லோடு ஏற்றிய லாரி மேட்டில் முக்குவது போன்ற சத்தம். ஜன்னலுக்கு வெளியே வெயில், வெயிலுக்கு அப்பால் சீமைக்கருவேலம், அதற்கும் அப்பால் மறுபடி வெயில். எந்த ஊரிலும் கால் தரிக்காமல் அலைந்துவிட்டு, நாற்பதைத் தாண்டி நான் வந்து உட்கார்ந்த அறை அது.

எங்கள் வேலை, ஒரு பேருந்து முன்பதிவுத் தளத்தைச் சோதிப்பது. ஆள் தொடாமல் பிரௌசர் தானே திறக்கும். ஊரைத் தேர்ந்தெடுக்கும், இருக்கையைப் பிடிக்கும், டிக்கெட் எடுக்கும். சரியாக நடந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. அந்தச் சோதனைகளை எழுதியவள் என்னோடு வேலை பார்த்த பெண். திருச்சுழி வழியாக வரும் பஸ்ஸில் தினமும் வீரசோழனிலிருந்து வருவாள். கணவர் துபாயில், அவள் மாமியார் வீட்டில், பள்ளிக்கூடம் போகும் மகளோடு.

சோதனைகள் ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி முடிய ஒரு மணி நேரம் ஆகிவிடும். சென்னை அலுவலகம் பொறுமை இழந்தது. இன்று மாலைக்குள் எல்லாவற்றையும் இணையாக, ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்டுங்கள். முடியாவிட்டால் வேலையைச் சென்னைக்கே மாற்றிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். நான் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வேன். அவளுக்கு இந்த அறையை விட்டால் வேறு இடமில்லை.

"சென்னைக்கு நா எங்கக்கா போக? நா வீட்டுல உக்காந்துட்டா மாமிக்குத்தான் சந்தோசம். எதுக்குத்தா இந்த அலச்சல்னு தெனமும் கேக்குறாக."

"அப்ப வேல போனா ஒங்க மாமி எனக்குப் பிரியாணி போடுவாகளா?"

"போடுவாக. நாந்தான் ஆக்கணும்."

ஆறு பிரௌசர்களைச் சேர்த்து ஓடவிட்டோம். விசிறி இரைந்தது. ஒன்று பச்சை, மற்றதெல்லாம் சிவப்பு. மறுபடி ஓட்டினோம், இந்தமுறை பச்சையானது வேறொன்று. தனியாக ஓட்டினால் ஒவ்வொன்றும் சமர்த்து, சேர்ந்தால் மட்டும் சண்டை. அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

ஓட்டத்தை மெதுவாக்கி, ஆறையும் திரையில் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தோம். ஆறும் ஒரே பேருந்தைத் திறந்தன. ஆறும் இடப்பக்கம், முன்னால், ஜன்னலோரம் இருந்த ஒரே இருக்கைக்குப் போய்ச் சேர்ந்தன.

"அது யாரு சீட்டு?" என்றேன்.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "என் சீட்டுக்கா. நா தெனம் உக்கார்ற சீட்டு."

பெண்கள் இடப்பக்கம் முன்னால் உட்காரும் பஸ்ஸில் வந்து பழகியவளின் விரல், சோதனை எழுதும்போதும் அங்கேயே போயிருக்கிறது. ஒவ்வொன்றாக ஓடிய காலத்தில் வம்பில்லை. ஒரு சோதனை டிக்கெட்டை ரத்துசெய்துவிட்டு இறங்கும்; அடுத்தது ஏறி உட்காரும்.

"ஒரே எடத்துக்கு ஆறு பேரத் துண்டு போட விட்டுருக்கியே, தாயி!"

"ஒருத்தி உக்காந்தா மத்தவளுக கத்தத்தானக்கா செய்வாளுக." அழப்போகிறவள் போலிருந்தவள் சிரித்துவிட்டாள். "ஆளுக்கு ஒரு சீட்டா மாத்திரவா?"

"சீட்டு எதுக்கு? ஆளுக்கு ஒரு பஸ்ஸே விடுவோம். டீசலா, டிரைவரா?"

ஒவ்வொரு சோதனையும் தொடங்கும்போதே தனக்கென்று ஒரு புதுப் பேருந்தையும் ஒரு புதுப் பயணியையும் உண்டாக்கிக்கொள்ளும்படி அவள் மாற்றி எழுதினாள். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெயிலில் வெந்து நிற்கிற சீமையில், நாங்கள் இருவரும் பயணிக்கு ஒரு பேருந்தாக விட்டுக்கொண்டிருந்தோம். ஜன்னலோரம் எல்லோருக்கும்.

டீ ஆறுவதற்குள் ஆறும் பச்சை. நம்பாமல் மறுபடி ஓட்டினாள். மறுபடியும் பச்சை. சென்னையிலிருந்து பதில் வந்தது: வேலை அங்கேயே இருக்கட்டும். அதைப் படித்துவிட்டு அவள் ஆறிய டீயைத் தண்ணீர்போலக் குடித்தாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். அவள் ஏறிப் பார்த்தால், அவளுடைய ஜன்னலோரத்தில் கைக்குழந்தையோடு வேறொருத்தி. இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் உறுமியது.

"ஏத்தா, ஒஞ்சீட்டு போச்சே!" என்று கீழேயிருந்து கத்தினேன்.

அவள் குனிந்து, அந்தக் குழந்தையின் தலைக்கு மேலாகச் சொன்னாள்:

"உக்காரட்டும்க்கா. நாளைக்கும் இதே பஸ்ஸுலதான வாரேன்."