ஆவாரை பூத்த வருஷம்

ஆவாரம்பூவுக்கு நாள் குறிப்பது பஞ்சாங்கம் அல்ல, மழை. ஐப்பசியில் நன்றாகப் பெய்தால் கீழக்குயில்குடி மலையடிவாரம் தை பிறக்கும் முன்பே மஞ்சளாகிவிடும். பங்குனி வரை பூ நிற்கும். மழை ஏமாற்றினால் செடி நாலு இலையோடு முறைத்துக்கொண்டு நிற்கும். செல்லூரில் குடியிருந்த மில் குமாஸ்தாவுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கென்றால், என் மனைவிக்கு நீரிழிவு. அந்தப் பூவைக் காயவைத்து, காபிக்குப் பதில் கஷாயம் வைத்துக் குடிப்பாள். ஞாயிறுதோறும் சைக்கிளில் போய்ப் பறித்து வருவது என் வேலை.

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று ஒரு பழமொழி. வைத்தியர் முதல் பால்காரர் வரை அதை எங்களிடம் சொல்லாதவர் இல்லை. எனக்குப் பழமொழி என்றாலே எரிச்சல். ஆனால் யுத்தம் தொடங்கிய சமயம் ஒரு வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் பொய்த்து, மலையடியில் பெயருக்குக்கூடப் பூ இல்லை. அப்போது அதே பழமொழி என்னைப் பிடித்துக்கொண்டது. பூக்காவிட்டால்? மத்தியானம் அவள் கண்ணயர்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அவளுக்குச் சிரிப்பு.

"பூக்கலேன்னா நான் செத்தா போயிருவேன்? பேசாம சோத்தத் தின்னுங்க."

சாகவில்லை. அடுத்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. போதாதென்று மாசியிலும் ஒரு மழை. பங்குனியில் தும்பையும் நெருஞ்சியும்கூடப் பூத்து, அடிவாரத்தில் கால் வைக்க இடமில்லை. இரண்டு பை நிறையப் பறித்து வந்து முற்றத்தில் பாய் விரித்துக் கொட்டினேன்.

"ஆத்தாடி, இம்புட்டா? இனி ஒரு வருஷத்துக்கு எனக்குச் சாவு கெடையாது" என்றாள்.

பழமொழியைத் திட்டிக்கொண்டிருந்த நானே நம்பினேன். பயம் விட்டது. மத்தியானத்தில் மூச்சைப் பார்ப்பதும் நின்றது.

பூ காய்வதற்குள் போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார இடம் வேண்டுமென்று யாரோ பூவை மூலையில் ஒதுக்கிப் பாயை உதறிப் போட்டார்கள். அன்றைக்கு ஒருத்தரும் அந்தப் பழமொழியைச் சொல்லவில்லை.

ஒற்றை ஆள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நகராது. அதனால் மறு வருஷமும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கேதான் போனேன். அந்த வருஷமும் நல்ல மழை. ஒரு பாறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சுள்ளி பொறுக்க வந்த ஒரு பெண் நின்று பார்த்தாள்.

"ஏண்ணே, அம்புட்டும் பூத்துக் கெடக்கு, பறிக்கலையா?"

"வீட்ல இருக்கும்மா" என்றேன்.

பொய்யில்லை. அந்தப் பூவைக் காயவைத்து டின்னில் போட்டு வைத்திருந்தேன். குடிக்கத்தான் ஆளில்லை.