ஒரு கை தூரத்தில் நடந்தேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் கழிந்த வாரத்தில், சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் பெரிய சாலையில் நடந்தது இது. பாகாலாவுக்குப் பிரிகிற இடத்தைத் தாண்டி, சாலையை ஒட்டிய ஊரில்தான் எங்கள் வீடு. நாங்கள் வீடு கட்டியபோது எதிர் வண்டி வந்தால் ஒதுங்கி நிற்கிற மாதிரி சின்ன ரோடுதான். இப்போது மண்ணைக் கொட்டி மேடாக்கி, இந்தப் பக்கம் மூன்று வண்டி, அந்தப் பக்கம் மூன்று வண்டி பக்கம் பக்கமாகப் பறக்கின்றன.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டி எழுதினால் பொழுது சாய்ந்துவிடும் என்று என் மகளை உட்கார வைத்துச் சொல்கிறேன். அவள் அவசரப்படுத்துகிறாள். நான் நிதானமாகத்தான் சொல்வேன்.

என் வீட்டுக்காரர் விமானப்படையில் இருந்தவர். நகரிப் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஏரைப் பிடிக்காமல் ஏரோப்ளேனைப் பிடித்த முதல் ஆள். ஓட்டுகிறவர் இல்லை, இன்ஜினைப் பார்த்து மேலே அனுப்புகிறவர். பங்களாதேஷ் சண்டை முடிந்த பிறகு சேர்ந்ததால், அவர் வேலையில் இருந்த காலத்தில் சண்டை எதுவும் வரவில்லை. வடக்கே எங்கெங்கோ குவார்ட்டர்ஸில் இருந்தோம். பக்கத்து வீட்டு இந்திக்காரிகளோடு சைகையிலேயே சிநேகமாகி, பிறகு அவர்கள் பாஷையிலேயே சண்டை போடும் அளவுக்கு நான் தேறினேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் விமானம் கிளம்புவதற்கு முன்னால், அது ஓடுகிற பாதையில் எல்லோரும் வரிசையாக நின்று, தலையைக் குனிந்துகொண்டே நடக்க வேண்டும். கல், ஆணி, கம்பி, எது கிடந்தாலும் பொறுக்க வேண்டும். பெரிய ஆபீசரும் குனிவார், பெருக்குகிறவரும் குனிவார். ஜெட் இன்ஜின் முன்னால் கிடப்பதை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளுமாம். ஒரு சின்னக் கல் உள்ளே போனாலும் மேலே போனவன் கதி அவ்வளவுதான். பக்கத்து ஆளுக்கும் நமக்கும் ஒரு கை தூரம் இருக்க வேண்டும். அவன் நகர்ந்தால் நாமும் நகர வேண்டும். நடுவில் யாராவது வரிசையை உடைத்தால் திரும்பப் போய் முதலிலிருந்து நடக்க வேண்டும். இதை எல்லாம் அவர் சாப்பிடும்போது கதையாகச் சொல்வார். நான் கேட்டுக்கொண்டே குழம்பு ஊற்றுவேன்.

எழுபதைத் தாண்டிய பிறகு அவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. திருப்பதியில் டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்து, தனியாக வெளியே விடாதீர்கள் என்றார். சில நாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சில நாள் டியூட்டிக்கு நேரமாச்சு என்று சட்டையைத் தேடுவார்.

அன்று விடியற்காலை. எதிர் வீடு தெரியாத அளவுக்குப் பனி. நான் பின்னால் வெந்நீர் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு வந்து பார்த்தால் கட்டில் காலி. வாசல் கதவு திறந்திருந்தது. அவருடைய கான்வாஸ் ஷூவைக் காணோம்.

தெருமுனையில் டீக்கடைக்காரி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"சாரு அப்பவே மேல ஏறிப் போய்க்கினு இருந்தாரேக்கா. ஷூ எல்லாம் போட்டுக்கினு ஜோரா போனாரு. வாக்கிங்னு நெனச்சேன்" என்றாள்.

மேலே என்றால் பெரிய ரோடு. மூட்டு வலியை மறந்து, புல்லைப் பிடித்துக்கொண்டு அந்த மண் மேட்டில் ஏறினேன்.

ஏறிப் பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது. பனிக்குள்ளே கறுப்பாக, நேராக, முடிவே இல்லாமல் நீண்டு கிடக்கிறது ரோடு. நடுவில் வெள்ளைக் கோடு. அவருடைய கண்ணுக்கு அது வேறு என்னவாகத் தெரியும்?

நடு ரோட்டில், தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக நடந்துகொண்டிருந்தார். குனிவார், எதையோ எடுப்பார், உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். திருமலைக்குப் போகிற பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே அவரை உரசுகிற மாதிரி போனது. அந்தக் காற்றில் அவருடைய வேட்டி படபடத்தது. அவர் நிமிரக்கூட இல்லை.

நான் எப்படி ரோட்டுக்குள் ஓடினேன் என்று தெரியாது. கையைப் பிடித்து இழுத்தேன்.

"வாங்க! வண்டி வருது, வாங்க!"

அவர் என் கையை உதறினார். அந்த வயதில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ!

"வரிசைய ஒடச்சிட்டியே! மொதல்லேர்ந்து வரணும்" என்று கத்திவிட்டு, திரும்பி, வண்டிகள் வருகிற திசையைப் பார்த்தே நடக்க ஆரம்பித்தார்.

பனிக்குள்ளே இரண்டு மஞ்சள் விளக்கு. லாரி. நான் அவர் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். டயர் தேய்கிற சத்தமும் ரப்பர் கருகுகிற நாற்றமும் வந்தன. எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் அது கோணலாக நின்றது.

டிரைவர் குதித்து இறங்கினார். நடுத்தர வயது, தெலுங்குக்காரர், தெலுங்கும் தமிழும் கலந்து திட்டினார்.

"ஏய் முசலோடா, கெழவா! சாவறதுக்கு என் லாரிதான் கெடச்சிதா? இதுல ஜோடி வேற!"

உயிர் போகிற பயத்திலும் எனக்கு அது பொறுக்கவில்லை. "யாரப் பாத்து டா போடற? ஏர்ஃபோர்ஸ்காரரு அவரு! மரியாதையா பேசு!"

"ஏர்ஃபோர்ஸுன்னா மேல போவணும்மா. இங்க இன்னா பண்றாரு?"

"புத்தி தடுமாறுது நைனா. இத ஏரோப்ளேன் ஓடற ரோடுன்னு நெனச்சிக்கினு கல்லு பொறுக்கறாரு. புடிச்சி இழுத்தா மறுபடி மொதல்லேர்ந்து நடக்கறாரு."

டிரைவர் அவரையே பார்த்தார். "தூக்கிடலாமா?"

"தூக்கினா உதறிக்கினு நடுவுலதான் ஓடுவாரு. நான் கூட நடக்கறேன். நீ வண்டியப் பின்னால போட்டு மறச்சிக்கினு வா."

"பின்னாடி எவனாவது வந்து என்னக் குத்திட்டா?"

டிரைவர் பனியைத் திரும்பிப் பார்த்தார். "தேவுடா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினார். எல்லா விளக்கையும் மினுக்க விட்டு, லாரியை எங்களுக்குப் பின்னால் வருகிற மாதிரி நிறுத்தி, ஹார்னை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் லாரிக்கு முன்னால், போதும் என்று தோன்றிய இடத்தில் திரும்பி நின்றார். நான் அவருக்கு இடது பக்கம், ஒரு கை தூரத்தில் நின்றேன். தலையைக் குனிந்தேன். நடந்தோம்.

ஒரு கல்லை எடுப்பேன், ஓரத்தைப் பார்த்துக் கொஞ்சம் நகர்வேன். அவர் கடைக்கண்ணால் தூரத்தை அளந்து தானும் நகர்வார். மறுபடி ஒரு கல், மறுபடி கொஞ்சம். முதுகுக்குப் பின்னால் லாரி உறுமிக்கொண்டே ஊர்ந்து வருகிறது. அதற்கும் பின்னால் யார் யாரோ பிரேக் போடுகிறார்கள், திட்டுகிறார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் இதோ முடிந்தது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் வரிசை உடையும். பார்க்கவில்லை.

பாதி ரோட்டைக் கடந்திருப்போம். அவர் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார். கூட வேலை செய்கிற யாரோ ஒரு பையன் என்று என்னை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

"நல்லாப் பாரு தம்பி. ஒண்ண உட்டாலும் போச்சு. இன்னிக்கி மேல போறவனுக்கு இப்பதான் கல்யாணம் ஆயிருக்குது."

"பாக்கறேன்" என்றேன்.

"எனக்கு தினமும் இங்க கால வெக்கறப்போ வயிறு கலங்குது தம்பி. அது மேல போயி திரும்பி எறங்கற வரைக்கும் தண்ணிகூட எறங்க மாட்டேங்குது." குனிந்து ஒரு கம்பித் துண்டை எடுத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்கு வந்தா என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாத. அவ பயந்துடுவா."

எனக்குக் கண் மறைத்தது. கல் எது, தார் எது என்று தெரியவில்லை. ஆனாலும் குனிந்துகொண்டே இருந்தேன். "சொல்ல மாட்டேன்" என்றேன்.

ஓரத்து இரும்புத் தடுப்பு என் முழங்காலில் இடித்தபோதுதான் நிமிர்ந்தேன். அவரும் நிமிர்ந்து, ரோட்டை ஒரு முறை நீளமாகப் பார்த்து, "கிளியர்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகம் மாறியது.

"நீ எப்ப வந்த? காப்பி போட்டியா?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டிரைவர் லாரியை ஓரம் கட்டிவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். மூடியைத் திறக்க முடியாமல் அவருடைய விரல்கள் நடுங்கின.

"நீ இன்னாத்துக்கு நடுங்கற நைனா? சூரன் மாதிரி நின்னியே" என்றேன்.

"சூரனும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. பயந்துதான் நின்னேன். பயம் இல்லாதவன் பிரேக்கே போட மாட்டான்."

நாயுடுபேட்டையில் சரக்கு இறக்க வேண்டும், நேரமாகிவிட்டது என்றார். வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பியாவது குடிக்கச் சொன்னேன், கேட்கவில்லை. போகும்போது என் வீட்டுக்காரரைப் பார்த்து, "சாரு, இனிமே நான் பொறுக்கிக்கறேன். நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். இவரும் பெரிய மனது பண்ணித் தலையாட்டினார். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. லாரி பனிக்குள் போய் மறைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மகள் வந்து வாசலுக்கு உயரமான கதவு போட்டுவிட்டாள். அவர் இப்போது அதிகம் பேசுவதில்லை. அன்று அவருக்கு ஒரு தம்பியாக இருந்து தெரிந்துகொண்டதை அவரிடம் நான் காட்டிக்கொண்டதே இல்லை.

பயமே அறியாத மனிதருக்கு வாக்கப்பட்டேன் என்று இத்தனை வருடம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவள் நான். தினமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய், சாயங்காலம் ஒன்றுமே நடக்காத மாதிரி எனக்குப் பூ வாங்கிக்கொண்டு வந்தாரே, அந்த மனிதரை நினைத்துத்தான் இப்போது என் பெருமை எல்லாம்.