நல்லா இருக்கேன்னு எழுதிக்கொண்டேன்

என்னோடு கிளினிக்கல் சைக்காலஜி படித்தவர்கள் எல்லாரும் பட்டம் வாங்கி ஆறு மாதம் கழித்துத்தான் நான் வாங்கினேன். கேட்பவர்களிடம் அம்மா, "பெரிய ஆராய்ச்சிங்க, அதான் லேட்டாயிடுச்சு" என்று சமாளித்துக்கொண்டிருக்கிறாள். ஆராய்ச்சி சின்னதுதான். என் மடத்தனம்தான் பெரியது.

தலைப்பை நானே பிடித்தேன்: வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் மனைவிமாருக்குத் தனிமை எவ்வளவு. ஆண்டிமடத்தில் முந்திரித் தோப்புக்காரர் வீட்டில் பிறந்த எனக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் கழுத்தில் அடையாள அட்டை, கையில் கேள்வித்தாள் கட்டு, நடையில் டாக்டர் தோரணை. வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருக்கும் லப்பைக்குடிக்காட்டில் போய் இறங்கினேன்.

ஒரு வீட்டில், என்னைவிட நாலைந்து வயது மூத்த அக்கா ஒருவர் ரோஸ்மில்க் கொடுத்து உட்கார வைத்தார். பக்கத்திலேயே மாமியார். எதிரே சொம்பில் சாய்த்து வைத்த போனில், துபாயிலிருந்து வீடியோ காலில் கணவர். சாப்பிட்டுக்கொண்டே "வாங்க டீச்சர்" என்றார். நானும் பல்லைக் காட்டிக் கையசைத்தேன். குடும்பமே ஒத்துழைக்கிறதே என்று எனக்குப் புல்லரிப்பு வேறு.

"தனியா இருக்கற மாதிரித் தோணுதாங்க்கா?"

அக்கா போனைப் பார்த்தார். "இல்லீங்க. நல்லா இருக்கேன்."

"தூக்கம்?"

"நல்லா வருது, அல்ஹம்துலில்லாஹ்."

"தெனமும் நான் பேசிடுறேன்ல, அதையும் எழுதிக்கங்க டீச்சர்" என்றார் கணவர்.

எழுதிக்கொண்டேன்! யாரும் பக்கத்தில் இல்லாமல் கேட்க வேண்டும் என்பது முதல் வருடப் பாடம். பரீட்சையில் அதை அழகாக எழுதி மார்க்கும் வாங்கியவள் நான்.

மற்ற வீடுகளிலும் இதே கூத்துதான். குடும்ப ஆதரவு இருந்தால் தனிமை அண்டாது என்று முடிவு எழுதினேன். துறைக் கருத்தரங்கில் முதல் பரிசு! கேடயத்தோடு எடுத்த போட்டோவை மூன்று நாள் விடாமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துச் சொந்தக்காரர்களைப் படுத்தினேன். ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு வாரம்தான் பாக்கி.

அந்த வாரம் பெரம்பலூரில் எங்கள் துறையின் வெளிநோயாளிப் பிரிவில் நான் இருந்தபோது, ரோஸ்மில்க் கொடுத்த அந்த அக்கா வந்தார். துணி எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாக பஸ் ஏறியிருக்கிறார். மாதக்கணக்காகத் தூக்கமில்லையாம். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவாராம்.

"அன்னைக்கு ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டேன். எனக்கு வாய்க்கொழுப்பு.

"அவரு கேட்டுக்கிட்டு இருந்தாருல்ல. நல்ல மனுசன். தெரிஞ்சா அங்க அவருக்குச் சோறு எறங்காது. நீங்க எந்திரிச்சு அடுப்படிக்கு வருவீங்க, தனியாக் கேப்பீங்கன்னு பாத்தேன். நீங்க ரோஸ்மில்க்கக் குடிச்சுட்டுக் கெளம்பிட்டீங்க."

வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டால் ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. ஆய்வுக்கு வழிகாட்டும் மேடத்திடம் சொன்னால் எல்லா வீட்டுக்கும் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் வாயை மூடிக்கொள்ளத்தான் பார்த்தேன்.

"நீங்க நல்லா இருக்கீங்கன்னு எழுதிட்டேன்க்கா. அதுக்குப் பரிசும் வாங்கிட்டேன்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"வாங்கிட்டீங்கள்ல, சரி" என்றார். "இப்ப எந்திரிச்சு அந்தக் கதவச் சாத்துங்க."