நான் வந்தால் தோற்கும் அணி

சென்ற ஆண்டு மழை ஓய்ந்து, செம்பாக்கம் ஏரி தளும்பிக்கொண்டிருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பெரும்பாக்கத்தில் ஒரு கால்பந்து மைதானத்தின் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். மைதானத்துக்குள் பெண்கள் லீகின் இறுதிப்போட்டி நடந்துகொண்டிருந்தது. அதில் எங்கள் செம்பாக்கம் அணியின் கோல்கீப்பர் என் மனைவி. அப்படியிருக்க நான் ஏன் வெளியே நின்றேன் என்று கேட்டால், பதில் சொல்ல எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது.

மனைவி பள்ளியில் வேதியியல் ஆசிரியை. நாற்பதைத் தாண்டியவள். உடம்பைக் குறைக்க நடக்கச் சொன்னார் டாக்டர். நடைக்குப் போன இடத்தில், எங்கள் காலனியை ஒட்டிப் புதிதாக வந்திருந்த டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் மைதானத்தில், அக்கம்பக்கத்துப் பெண்கள் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். இவளையும் இழுத்துவிட்டார்கள். ஓட வேண்டாமே என்பதற்காகக் கோல் போஸ்ட்டில் நின்றாள். ஒரே மாதத்தில் அது பைத்தியமாகிவிட்டது. விடியற்காலையில் பயிற்சி, முழங்கையில் சிராய்ப்பு, வகுப்பில் பிள்ளைகளிடமிருந்து "மிஸ், வண்டில இருந்து விழுந்துட்டீங்களா?" என்று விசாரிப்பு.

நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட். ஆனால் இவள் கையுறை மாட்டிய நாளிலிருந்து எனக்குக் கால்பந்துப் பித்து பிடித்தது. புறநகரில் முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கென்று எட்டு அணிகள் சேர்ந்து, அணிக்கு ஏழு பேராக, ஞாயிறுதோறும் லீக் நடத்துகிறார்கள் என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்து, அவசரமாகச் சாப்பிட்டு, காரில் நாலு பேரை அடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கினோம். இரண்டாவதில் கடைசி நிமிடத்தில் தோற்றோம். மூன்றாவதில் எங்கள் ஆளே எங்கள் கோலுக்குள் அடித்துக் கொடுத்தார். நான்காவது ஆட்டத்தன்று ஆபீசில் ஆடிட் வேலை. ஞாயிறு என்றும் பார்க்காமல் வரச்சொல்லிவிட்டார்கள். அன்று ஜெயித்துவிட்டார்கள்.

அணியின் வாட்ஸப் குழுவில் கொண்டாட்டம். நடுவில் யாரோ, "அண்ணா வரலை, ஜெயிச்சுட்டோம்" என்று போட்டுச் சிரிக்கிற பொம்மை ஒன்றையும் வைத்திருந்தார்கள். நானும் சிரித்தேன். மறுவாரம் கேப்டன் போன் செய்தார். தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவர். ஊசி போடுவதற்கு முன்னால் பேசுகிற அதே இதமான குரலில், "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இந்த ஒரு மேட்சுக்கு மட்டும் நீங்க வெளியவே இருந்துடுறீங்களா? பசங்க சும்மா விளையாட்டுக்குச் சொல்றாங்க" என்றார். பசங்க என்று அவர் சொன்னது முப்பத்தைந்து, நாற்பது வயதுப் பெண்களை.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் ராகுகாலம், எமகண்டம் எதுவும் பார்ப்பதில்லை. தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். ஃபிளாட் பதிவுக்குத் தரகர் நல்ல நேரம் பார்த்துச் சொன்னபோது, வேண்டுமென்றே ராகுகாலத்தில் போய்க் கையெழுத்துப் போட்டவன் நான். அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அப்படிப்பட்டவன், கேப்டன் சொன்னதற்கு மறுபேச்சே பேசவில்லை. உள்ளுக்குள் நானே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"அவங்க சொன்னா நீங்களும் கேட்டுப்பீங்களா?" என்றாள் மனைவி.

"எதுக்கு வம்பு? டீம் ஜெயிச்சா சரி" என்றேன். அவள் கையுறையை எடுத்துப் பையில் திணித்தாள்.

அன்றிலிருந்து எல்லோரையும் கேட்டில் இறக்கிவிட்டு, நான் தெருக்கோடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நம்ப மாட்டீர்கள், வரிசையாக ஜெயித்தார்கள். கடைசி இடத்தில் கிடந்த அணி நாலாவது இடத்துக்கு வந்து அரையிறுதிக்குள் நுழைந்தது. அரையிறுதியில், லீகில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணியைச் சாய்த்தார்கள். அன்று என் மனைவி பிடித்த ஒரு பந்தைப் பற்றித்தான் குழுவில் ஒரு வாரம் பேச்சு. அவளும் சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் டம்ளரைக் கோல் போஸ்ட்டாக வைத்து எனக்கு விளக்கினாள். நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். பாதியிலேயே நிறுத்திவிட்டு, "உங்களுக்குப் புரியாது, விடுங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

இறுதிப்போட்டி பெரும்பாக்கம் அணியோடு, அவர்கள் மைதானத்திலேயே. அங்குள்ள குடியிருப்புகளில் இருக்கிற பெண்கள். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். குடியிருப்பே திரண்டு வந்து மைதானத்தில் நின்றது. உள்ளிருந்து ஒருவர் போனில் நேரலை போட்டுக்கொண்டிருந்தார். நான் டீக்கடையில் நின்று அதைப் பார்க்க ஆரம்பித்தேன்.

பக்கத்தில் காக்கிச் சட்டையில் ஓர் ஆட்டோக்காரர், என் தோளுக்கு மேலாகப் போனை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், உள்ள ஜனம் அந்தக் கத்து கத்திகினு கீது. நீ இங்க நின்னு போன்ல பாத்துகினு கீற?"

"நான் போனா எங்க டீம் தோத்துடும். ராசி அப்படி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ம கேசும் அதான் சார். என் தங்கச்சி ஆடுது, பத்தாம் நம்பர். நான் உள்ள போனா அதுக்கு கோல் வுழாது. மூணு வாட்டி பாத்தாச்சு. எங்கம்மாவே தொரத்தி வுட்டுச்சு."

நான் வெளியே நின்றால் செம்பாக்கம் ஜெயிக்க வேண்டும். அவர் வெளியே நின்றால் பெரும்பாக்கம் ஜெயிக்க வேண்டும். அப்படியானால் இன்றைக்கு யார் ஜெயிப்பது? அவரும் அதைத்தான் யோசித்திருக்கிறார்.

"அப்ப மேட்ச் டிராதான் சார்" என்றார்.

நேரலை அரை நிமிடம் பிந்தி வந்துகொண்டிருந்தது. அதனால் சத்தம் முதலில் மதிலைத் தாண்டி வரும். என்ன நடந்தது என்று தெரியாது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனையே பார்ப்போம். அப்புறம்தான் படம் வரும். கொஞ்ச நேரத்திலேயே ஆட்டோக்காரர் கண்டுபிடித்துவிட்டார். "சத்தம் சின்னதா வந்தா உங்க கோல். பெருசா வந்தா எங்க கோல்." அப்படியே நடந்தது. முதலில் சின்னச் சத்தம். அரை நிமிடம் கழித்து, எங்கள் கேப்டன் இரண்டு பேரை ஏமாற்றிப் பந்தை மூலையில் செருகினார். நான் துள்ளியதில் டீ என் சட்டையிலேயே கொட்டியது. இடைவேளைக்குப் பிறகு ஒரு பெரிய சத்தம். பத்தாம் நம்பர். ஆட்டோக்காரர் துள்ளினார். டீக்கடைக்காரர் எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்த பிஸ்கட் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

ஆட்டம் முடிய ஒன்றிரண்டு நிமிடம் இருந்திருக்கும். இதுவரை கேட்காத அளவுக்கு ஒரு பெரிய சத்தம் எழும்பி, பாதியிலேயே அறுந்து, "ஐயோ" என்று முடிந்தது. போனைப் பார்த்தோம். பத்தாம் நம்பர் தனியாகப் பந்தோடு வருகிறாள். எதிரே என் மனைவி மட்டும். அந்தப் பெண் காலை ஓங்குகிறாள். அவ்வளவுதான், படம் நின்றுவிட்டது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி படம் வந்தபோது, மனைவி தரையிலிருந்து எழுந்து முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்ன செய்தாள், எப்படித் தடுத்தாள், எதுவும் எனக்குத் தெரியாது. அரையிறுதியில் அவள் பிடித்ததும் பார்க்காமல் போச்சு, இதுவும் போச்சு என்று அப்போதுதான் உறைத்தது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று டிராவில் முடிந்தது. ஆட்டோக்காரர், "சொன்னேன்ல" என்றார். அடுத்து பெனால்ட்டி, அணிக்கு ஐந்து.

அப்போது கேட் திறந்தது. கையுறையோடு, தலையிலிருந்து கால்வரை சேற்றோடு என் மனைவி நின்றாள். ரோட்டின் இந்தப் பக்கம் இருந்த என்னைப் பார்த்து, "உள்ள வாங்க" என்றாள்.

ஓடிப் போய், "வேணாம்மா. இவ்வளவு தூரம் வந்தாச்சு. நான் வந்து ஏதாவது ஆயிட்டா..." என்று இழுத்தேன்.

"ஜெயிச்ச அஞ்சு மேட்சும் நீங்க வராததாலன்னு குரூப்ல போட்டாங்க. அப்ப என் கை என்ன சும்மாவா இருந்துச்சு?" என்றாள். "இப்ப தோத்தா நான் தோக்குறேன். அந்தப் பேரையும் நீங்களே எடுத்துப்பீங்களா?"

ராசியில்லாதவன் என்று தலையைக் குனிந்துகொண்டு வெளியே நிற்பதை நான் ஏதோ தியாகம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் எவ்வளவு பெரிய கர்வம் இருந்தது என்று அந்தக் கேட்டில்தான் தெரிந்தது. ஏழு பெண்கள் உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள், முடிவு செய்வது தெருக்கோடியில் காரில் உட்கார்ந்திருக்கும் நானாம்.

உள்ளே நடந்தேன். திரும்பிப் பார்த்தால் ஆட்டோக்காரரும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். "நீ போனா நானும் போவணும் சார். இல்லன்னா எங்க ஆளுங்களுக்கு ஓவரா ஆயிடும்" என்றார். அந்த நியாயம் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

என்னைப் பார்த்ததும் எங்கள் ஆட்களின் முகம் வெளுத்ததைக் கவனித்தேன். நேராகப் போய்க் கோல் வலைக்குப் பின்னால் நின்றேன்.

முதல் இரண்டு சுற்றிலும் இரு அணிகளும் அடித்தன. மூன்றாவது எங்கள் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. எனக்கு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அவர்களின் மூன்றாவது ஆள் வந்தாள். என் மனைவி அவளையே பார்த்துக்கொண்டு, வலப்பக்கம் போகிற மாதிரி லேசாகத் தோளை அசைத்தாள். அந்தப் பெண் அதை நம்பி இடப்பக்கம் அடித்தாள். நல்ல உதை. இவள் உடம்பு முழுக்கக் காற்றில் நீண்டது. இடது கை மட்டும் எப்படியோ போய், பந்தின் அடியில் பட்டு, அதைக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே தள்ளியது. என் முகத்துக்கு மிக அருகில், வலைக்கு அந்தப் பக்கம் நடந்தது அது. நான் கத்தியதில் எனக்கு இரண்டு நாள் குரல் இல்லை.

நான்காவது இரு பக்கமும் கோல். ஐந்தாவது எங்கள் கேப்டன். பந்து கோலுக்கு மேலே போய்விட்டது. அவர்களின் கடைசி ஆள் பத்தாம் நம்பர். இவள் சரியான பக்கம்தான் பாய்ந்தாள். விரலில் பட்டது. பட்டும் உள்ளே போனது. மைதானமே அதிர்ந்தது.

தோற்றுவிட்டோம். கேப்டன் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டோக்காரர் தங்கையைத் தூக்கிச் சுற்றினார். சுற்றுகிற வாக்கிலேயே என்னைப் பார்த்து, "நான் உள்ள வந்தும் அடிச்சிடுச்சி சார்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

கணக்கு பார்த்தால், நான் வந்த நாலு ஆட்டத்திலும் தோல்வி. பயந்துகொண்டேதான் மனைவியிடம் போனேன். கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணாவது கிக், பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படிப் போனேன், சொல்லுங்க."

சொன்னேன். தோளை அசைத்தது, அந்தப் பெண் ஏமாந்தது, ஒற்றைக் கை, பந்தின் அடிப்பக்கம், எல்லாவற்றையும் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து நடித்துக் காட்டினேன். தோற்றவள் முகமா அது? அப்படி ஒரு சிரிப்பு. "ஆமா, ஆமா, தோளை ஆட்டினேன், அதை யாருமே கவனிக்கலை" என்றாள். திரும்பி வரும்போது மேடவாக்கம் நெரிசலில் கார் நகராமல் நின்ற நேரமெல்லாம், பின்சீட்டில் இருந்தவர்களுக்காக மறுபடி மறுபடி அதையே சொல்லவைத்தாள். அழுதுகொண்டிருந்த கேப்டனே கடைசியில், "அண்ணா, அந்தத் தோள் மேட்டரை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

இந்த ஆண்டு லீகில் ஒரு ஆட்டம் விடாமல் போகிறேன். சிலவற்றில் ஜெயிக்கிறோம், சிலவற்றில் தோற்கிறோம். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதை அந்த மைதானத்தில்தான் புரிந்துகொண்டேன். நாம் நேசிக்கிறவர்கள் நம்மிடம் கேட்பது வெற்றியை அல்ல, அவர்கள் பாய்கிற அந்த ஒரு நொடியில் நம் கண் அவர்கள்மேல் இருக்க வேண்டும் என்பதைத்தான்.