டீ குடிக்கச் சொன்ன வரி

செய்தி மும்பை மாட்டுங்கா ரயில் பிளாட்பாரத்தில் வந்தது. ஸ்டெல்லா இறந்துவிட்டார். காய்ச்சலென்று மருத்துவமனைக்குப் போனவர். வண்டி வந்தது, போனது. நான் ஏறவில்லை.

கணினி வழிகாட்டிகளைத் தமிழில் எழுதும் நம் ஆவணக் குழுவில் பலர் அவரை நேரில் பார்த்ததில்லை. ஒரு கணினியிலுள்ள ஃபோல்டரை இன்னொரு கணினியில் திறப்பது எப்படி என்று விளக்கும் நம் இணையப் பக்கத்தை வரிவரியாக மாற்றி எழுதிக்கொண்டிருந்த ஒரு பெயர், அவ்வளவுதான். செம்பூரில் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரித்தார். சனிக்கிழமைகளில் தாராவியில், அவருடைய அண்ணன் அந்தோணியின் கல்யாண வீடியோ கடையில், நாங்கள் இருவரும் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திருத்துவோம்.

பழைய பக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். "பகிரப்படும் அடைவுக்குரிய அனுமதிகளைத் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளவும்." ஸ்டெல்லா வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரு தேவைக்கு? எங்க போய் அமைக்க?"

நான் திருத்திக் கொடுத்தேன்.

"இது மாட்டுங்கா தமிழ். வீட்டுக்குள்ளயும் சாக்ஸ் போட்டுட்டு நடக்கு."

மாட்டுங்கா, நான் குடியிருக்கும் படித்தவர்கள் பேட்டை. அன்றிலிருந்து அந்தக் கடையில் என் வரிகளுக்குச் சாக்ஸ் என்றுதான் பெயர்.

அந்தோணி தாராவியில் பிறந்து இந்திப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், வாசிக்க வராது. திருநெல்வேலிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த அவர் மனைவி, செல்வி மதினிக்கு வாசிக்க வரும், கணினியைத் தொடமாட்டார். ஆகவே மதினி உரக்க வாசிப்பார், அந்தோணி செய்வார். ஸ்டெல்லா தன் அண்ணன் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். கை நின்றால் அந்த வரி போச்சு.

"கை மேல தப்பில்ல. வரி மேலதான்."

"அரே, எனக்குச் சம்பளம் உண்டா?" என்று அந்தோணி ஒருமுறை கேட்டார்.

"நீ தப்பு பண்ணுததுக்குத்தான் உன்ன வச்சிருக்கோம். ஒழுங்கா பண்ணு."

எல்லாம் சரியாகச் செய்தாலும், மற்ற கணினியின் பெயர் திரையில் தோன்றச் சில நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில்தான் எல்லோரும் கெடுக்கிறோம். வரவில்லையே என்று, சரியாக இருப்பதை மாற்றிவிடுகிறோம். ஸ்டெல்லா எழுதினார்: "பெயர் உடனே தெரியாது. எதையும் மாற்றாதீர்கள். டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்."

ஆவணத்தில் டீ எதற்கு என்று குழுவில் ஒருவர் அதை நீக்கினார். ஸ்டெல்லா சேர்த்தார். அந்த நண்பர் மறுபடி நீக்கினார்.

"சும்மா காத்திருன்னா எவனும் காத்திருக்க மாட்டான். கையில ஒரு கிளாஸ் இருக்கணும்."

வரி பக்கத்தில் நிலைத்தது. நீக்கிய நண்பரே, இதை நீங்களும் வாசிப்பீர்கள். சிரிக்கலாம்.

அடக்கத்துக்கு மறுநாள் கடைக்குப் போனேன். ஜெபக் கூட்டத்தில் வைக்க அவர் படம் வேண்டும். வீட்டில் இருந்தது அடையாள அட்டைப் படம் மட்டும். அதில் முறைத்துக்கொண்டிருப்பார். சிரிக்கும் படங்கள் எல்லாம் உள்ளறையில், திரையில்லாத பழைய கணினியில். முன்னறைக் கணினி புதிது. ஸ்டெல்லா இரண்டையும் இன்னும் இணைத்திருக்கவில்லை. நான் நாற்காலியை இழுத்தேன்.

"நீங்க இருங்க," என்றார் மதினி. "அவ எழுதினது இருக்குல்லா."

போனில் பக்கத்தைத் திறந்து வாசித்தார். அந்தோணி செய்தார். கை எங்கும் நிற்கவில்லை. ஆனால் பெயர் தோன்றவில்லை.

"வரலியே. பாஸ்வேர்ட மாத்திப் பாக்கவா?"

"கைய எடுங்க. டீ குடிக்கச் சொல்லுதா."

"யாரு?"

"உங்க தங்கச்சிதான்."

வெளியே நின்று அரை கிளாஸ் கட்டிங் டீ குடித்தோம். அந்தோணி கொஞ்சம் அழுதார். பிறகு, "போனப்புறமும் அதிகாரம் பண்ணுதா பாருங்க," என்று சிரித்தார். திரும்பி வந்தபோது பெயர் வந்திருந்தது. உள்ளே ஸ்டெல்லா. யாரோ ஒருவரின் கல்யாணம், வாய் நிறைய லட்டு, கேமராவை மறைக்கப் பார்க்கும் ஒரு கை. அந்தப் படத்தைத்தான் வைத்தார்கள்.

எழுதியதை யாருக்காவது உரக்க வாசித்துக் காட்டுவது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். இந்தக் குறிப்பையும் மதினிக்கு வாசித்தேன். "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இதுல சாக்ஸ் தெரியுது."

எடுத்துவிட்டேன்.