பரிசலில் பூசிய தார்

2006 டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேகால் மணி. கடும் பனி, காற்று இல்லை. ஓசூர் அணைக்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பரிசலைக் கட்டைவிரலால் அழுத்தி முகர்ந்து பார்த்த மேடம் சிரிக்க ஆரம்பித்தார்.

மேடம் கடலூரில் கடல்சார் ஆராய்ச்சியாளர். தென்பெண்ணை கடலில் சேரும் இடத்துச் சேற்றில் எண்ணெய் கலந்திருந்தது. அது படகுகளின் டீசலா, ஆற்றோடு வந்ததா என்று பார்க்க ஆற்றின் வழியே மேலேறி எங்கள் ஊர்வரை வந்திருந்தார். ஓய்வுக்குப் பிறகும் என் பழைய ஆலையின் ஆய்வகத்தில் பகுதிநேர வேலையில் இருந்த நான் துணைக்குப் போனேன். துணை என்பது பாதிதான். எங்கள் கழிவுநீர் ஓடை அந்த அணையில்தான் விழுகிறது. மிச்சப் பாதி பயம்.

போன மாதம் பரிசலில் போய் ஆறு இடங்களில் சேறு அள்ளினோம். அதன் தளத்தில் கொட்டித்தான் ஜாடிகளில் நிரப்பினோம். ஆறு ஜாடியிலும் ஒரே முடிவு: தார். எனக்கு நிம்மதி, எங்கள் ஆலையில் தார் கிடையாது. மேடத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "ஓடை வாயிலயும் நட்டநடு அணையிலயும் ஒரே மாதிரியா? எப்படி சார்?" என்று திரும்பி வந்துவிட்டார்.

"தண்ணி கசியாம இருக்கத் தார் பூசுவோங்க," என்றார் பரிசல்காரர். "போன தடவ நீங்க வர்றீங்கன்னு உள்ளயும் வெளியயும் புதுசா பூசி வெச்சேன்."

"நாம சேத்த அளக்கல சார். இவரோட மரியாதைய அளந்திருக்கோம்," என்றார் மேடம்.

பரிசல்காரர் சிரிக்கவில்லை. "மீன்ல எண்ண வாசம்னு சந்தையில திருப்பி அனுப்பறாங்க மேடம். அதுக்கும் என் தாருதான் காரணம்னு எழுதிடாதீங்க."

அன்று இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மறுபடி அள்ளினோம். கிளம்பும்போது மேடம் மெதுவாகச் சொன்னார்: "ஒப்பிட்டுப் பார்க்க உங்க ஆலை எண்ணெய் கொஞ்சம் வேணும் சார். கட்டாயமில்ல." ஒரு வாரம் எனக்குச் சரியான தூக்கமில்லை. பிறகு, இரும்பு கடையும் இயந்திரத்தில் ஓடிக் கறுத்த கட்டிங் ஆயிலைச் சின்னப் பாட்டிலில் ஊற்றி, என் பெயரும் எழுதிக் கொடுத்தேன்.

முடிவைப் போனில் சொன்னார். "கடல்ல இருக்கிறது படகு டீசல் சார். உங்க எண்ணெய் கடலுக்கு வரல." நான் மூச்சு விட்டேன். "அணையிலயே தங்கிடுச்சு."

அறிக்கை போன பிறகு ஆலையில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி கட்டினார்கள். என்னை இனி வரவேண்டாம் என்றார்கள்; பகுதிநேரச் சம்பளமும் நின்றது. மீனில் வாசம் குறைய மூன்று மழைக்காலம் ஆயிற்று. இன்றும் கரையில் பரிசல் கவிழ்ந்து கிடந்தால் குனிந்து முகர்கிறேன். வெறும் தார்தான். அதற்கு எனக்கு ஆன செலவு, மாதம் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.