பந்தி மண்டபத்தில் ஐந்நூறு சுற்று

ஒவ்வொரு திருப்பத்திலும் சம்பூர்ணம் சுவரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போகிறார். கை கழுவும் தொட்டிகளின் ஓரம் ஒரு தட்டு, மடக்கி அடுக்கிய சாப்பாட்டு மேசைகளின் பக்கம் ஒரு தட்டு, சமையற்கட்டுக் கதவில் ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் "நல்லாரு" என்று வாய்க்குள் ஒரு சொல். சுவருக்கா வாழ்த்து என்று கேட்டேன். "பின்ன? விழாம நிக்குதில்ல?" என்றபடி என்னைக் கடந்து ஓடினார்.

ஆம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் கீழ்த்தளம் இது. பந்தி நடக்கும் கூடம். ஆடி பிறந்து நாளாகியும் கடைசி முகூர்த்தத்தின் சாம்பார் வாசனை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை என்பதால், மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் பஞ்சாட்சரம் இந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தைச் சும்மாவே கொடுத்தார். வாடகைக்குப் பதிலாக அவரிடம் கேட்டது ஒரே வேலை. சம்பூர்ணம் உள்ளே வந்ததும் ஷட்டரை இழுத்து மூட வேண்டும். மாரத்தான் தூரம் முழுவதையும் இந்த மூடிய கூடத்துக்குள்ளேயே அவர் ஓடி முடிக்கிறவரை அதைத் தூக்கக் கூடாது.

"இன்னா வேண்டுதலோ! மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்துற மாசத்துல இது ஒரு கூத்து" என்றார் பஞ்சாட்சரம். ஆனாலும் விடிவதற்கு முன்பே வந்து தரையை இரண்டு முறை துடைத்து, எண்ணெய்ப் பிசுக்குள்ள இடத்தில் சாம்பல் தூவித் தேய்த்து வைத்திருந்தார்.

சம்பூர்ணத்துக்கு நாற்பத்து நான்கு வயது. நாணல் போன்ற உடம்பு. துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்திருந்தார். ஓடப் போனாலும் தலையில் கனகாம்பரம் உண்டு. காலில் இருந்தது, கம்பெனி கழித்த சரக்கை விற்கும் செகண்ட்ஸ் கடையில் வாங்கிய ஷூ. இடதை விட வலது ஒரு சாயல் அழுத்தமான நீலம். "ஓடுறப்போ எவன் குனிஞ்சி பாக்கப் போறான்?"

ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் லைனில் பல வருடம் மிஷின் மிதித்தவர். போன வருடம் ஒரு நாள், அட்டைப்பெட்டிகளோடு சரக்கு லிஃப்டில் ஏறினார். கரண்ட் போய், இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. கதவை நெம்பி அவரை வெளியே எடுத்தபோது, கையிலிருந்த போனில் மணியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. அன்றிலிருந்து மூடிய இடம் அவருக்கு ஆகவில்லை. தையல் கூடமோ ஏசிக்காகவும் தூசிக்காகவும் எப்போதும் மூடியே கிடப்பது. வாசல்வரை போவார், நெஞ்சு படபடக்கும், திரும்பிவிடுவார். கம்பெனி அவரைப் பக்கச் சுவர் இல்லாத பேக்கிங் கொட்டகைக்கு மாற்றியது. சம்பளம் வந்தது, தையல் போய்விட்டது. "பொட்டி மடிக்கிறது தப்பில்ல. ஆனா இந்தக் கை அதுக்குப் பழகல" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

டாக்டர் நடக்கச் சொன்னார். பாலாற்று மணலில் நடந்தார், நடை ஓட்டமானது. ஊருக்கு வெளியே சாலையில் ஒருமுறை முழு மாரத்தானும் ஓடிவிட்டார். வானத்துக்குக் கீழே அவருக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் அவருடைய வருத்தமும். "வெளிய ஓடுனா ரோடே நம்பள இழுத்துக்கினு போவும்மா. உள்ள நாமதான் நம்பள இழுத்துக்கினு போவணும். இதுல தாக்குப்புடிச்சிட்டேன்னா, லைனுக்குள்ள எட்டு மணி நேரம் இன்னா ஜுஜுபி."

அவருடைய மிஷினை லைன் சூப்பர்வைசர் செந்தில்குமார் இதுவரை யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த வேலையையும் லைன் பெண்கள் தங்களுக்குள் பங்கு போட்டுச் செய்து வந்தார்கள். ஆனால் ஆடி முடிந்தால் புது ஆர்டர் ஏறுகிறது. "அதுக்கு மேல சீட்ட காலியா வெக்க முடியாதுக்கா. வர்றதுன்னா வந்துரு" என்று சொல்லிவிட்டார். இந்தக் கூடத்தில் தாக்குப்பிடித்துக் காட்டினால் நாளைக் காலை தையல் கூடத்துக்குள் போவது, நடுவில் ஷட்டரைத் தூக்கச் சொல்லிவிட்டால் இனி ஆயுசுக்கும் கொட்டகை என்று சம்பூர்ணம் தனக்குத்தானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்.

மணி தெரியக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான். போன்கள் பஞ்சாட்சரத்தின் மேசை அறையில். சுவர்க் கடிகாரத்தின் மேல் பந்தி மேசையில் விரிக்கும் காகிதம் ஒட்டியிருந்தது. கூடத்தை டேப் பிடித்து அளந்ததில் ஐந்நூறு சுற்றும் கொஞ்சமும் வேண்டும் என்று தெரிந்தது. கணக்குக்கு சுகரா பேகம். லைனில் பக்கத்து மிஷின்காரர், எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர். அவர்தான் கம்பெனியிலிருந்து கழிவுத் தோல் துண்டுகளை எண்ணிக் கொண்டுவந்து ஒரு சாம்பார் வாளியில் கொட்டியிருந்தார். ஒரு சுற்றுக்கு ஒரு துண்டு, இந்த வாளியிலிருந்து அந்த வாளிக்கு. முதல் வாளி காலியானால் ஓட்டம் முடிந்தது. நெடுநாள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து, வீட்டில் உட்காரவும் முடியாமல் கிளம்பவும் தெரியாமல் இருந்த என்னை, "சும்மா தானே கீற, உப்புத் தண்ணி கலக்க வாம்மா" என்று இழுத்து வந்தவரும் அவரே.

காலை பாதி கழியும்வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு கரண்ட் போனது.

கீழ்த்தளம் ஒரேயடியாக இருண்டது. ஜெனரேட்டருக்கு ஆடியில் யார் டீசல் ஊற்றி வைப்பார்கள்? காலடிச் சத்தம் நின்றது. மேசைகளின் பக்கமிருந்து மூச்சு மட்டும் கேட்டது, கிணற்றில் வாளி இடிக்கிற மாதிரி. பஞ்சாட்சரம் தட்டுத் தடுமாறி ஷட்டரை நோக்கிப் போனார்.

"தொறக்காதண்ணா!"

குரல் உடைந்திருந்தது. பஞ்சாட்சரத்தின் கை பூட்டிலேயே நின்றுவிட்டது.  அந்த இருட்டில் சுகரா பேகம்தான் வாயைத் திறந்தார்.

"ஏண்டி சம்பு, என் டிபன் டப்பா மூடி எங்கடி?"

சுகரா பேகம் வாளியை ஒரு தட்டுத் தட்டினார்.

"ரம்ஜானுக்கு சேமியா போட்டுக் குடுத்தேன். டப்பா வந்துச்சி, மூடி வரல. இன்னா, மூடிய மட்டும் மருமவளுக்குச் சீர் குடுத்துட்டியா?"

"...உன் மூடி யாருக்குடி வோணும். நெளிஞ்ச மூடி."

"நெளிஞ்சதா? எங்கம்மா வூட்டு மூடிடி அது! கிட்ட வா, சொல்றேன்."

கால்கள் அசைந்தன. ஒரு கை சுவரை உரசிக்கொண்டே வந்தது. சுகரா பேகம் மூடியைப் பற்றி, அம்மா வீட்டைப் பற்றி, வாங்கின கடையைப் பற்றி நிறுத்தாமல் திட்டிக்கொண்டே இருந்தார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு சம்பூர்ணம் கூடத்தைச் சுற்றி நடந்தார், பதிலுக்குத் திட்டிக்கொண்டே. ஒவ்வொரு சுற்றுக்கும் வாளியில் துண்டு விழுகிற சத்தம் மட்டும் தவறவில்லை. வெளிச்சம் வந்தபோது இரண்டு பேர் முகமும் வேர்வையில் நனைந்திருந்தது, ஓடாதவர் முகமும். எத்தனையோ ஊர்களில் முன்பின் தெரியாதவர்கள் எனக்குச் சோறும் பாயும் கொடுத்திருக்கிறார்கள். இப்படி என்னைத் திட்டிக் கரை சேர்க்க ஒருவர் இருந்தால் நான் அவ்வளவு தூரம் போயிருப்பேனா என்று அன்று நினைத்தேன்.

அதன்பிறகு சம்பூர்ணம் மீண்டும் ஓடினார். நடந்தார், ஓடினார், நடந்தார். உதடு வெளுத்துவிட்டது. வாளியைப் பார்க்கும்போதெல்லாம் அதில் பாதி மிச்சம் இருந்தது. "இன்னும் இவ்ளோவா?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். நான் உப்புத் தண்ணீரை நீட்டினேன்.

மூடிய சமையற்கட்டுக் கதவையும் தாண்டி, மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டது. சுகரா பேகம் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டவர், அப்படியே நின்றார். சம்பூர்ணத்தின் வேகத்துக்குப் பாங்குக்கு முன்னாலேயே ஓட்டம் முடிந்திருக்க வேண்டும். வாளியைப் பார்த்தார். கையிலிருந்த தோல் துண்டைப் பார்த்தார்.

"யா அல்லா. ஜோடி போட்டுட்டேன்!"

எனக்குப் புரியவில்லை. அவரே நெற்றியில் அடித்துக்கொண்டு விளக்கினார். ஷூ லைனில் ஐந்நூறு என்றால் ஐந்நூறு ஜோடி. இடது ஒன்று, வலது ஒன்று சேர்ந்தால்தான் ஒரு எண்ணிக்கை. ஒற்றைக்கு அங்கே கணக்கே கிடையாது. சம்பூர்ணம் ஐந்நூறு என்றதும், இவர் பழக்கத்தில் இரண்டிரண்டாக எண்ணி அள்ளிவிட்டார். வாளியில் இருந்ததே இரண்டு மடங்கு.

"சம்பு! போதும்டி! எப்பவோ முடிச்சிட்ட!"

சம்பூர்ணம் நிற்கவில்லை. "பாவம் பாத்து சொல்றியா?"

"உன் மேல எனக்கின்னாடி பாவம்? ஜோடி கணக்குல கொண்டாந்துட்டேன். மூளை கெட்டவ நான்!"

"எண்ணு. எண்ணிட்டு சொல்லு."

இரண்டாவது வாளியைத் தரையில் கொட்டினோம். பஞ்சாட்சரமும் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கறுப்பு, பழுப்பு, காபி நிறம் என்று பத்துப் பத்தாகக் குவித்தோம். நாங்கள் எண்ணி முடிக்கிறவரை சம்பூர்ணம் எங்களைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார், காலை இழுத்து இழுத்து. ஐந்நூறும் கொஞ்சமும் எண்ணி முடித்த பிறகு ஒரு கைப்பிடித் துண்டுகள் மிச்சம் கிடந்தன.

சுகரா பேகம் அழுதுகொண்டே மிச்சத்தை அள்ளிக் காட்டினார். "உன்ன ஜாஸ்தியா ஓட வெச்சிட்டேன்டி."

சம்பூர்ணம் நின்றார். "கம்மியா எண்ணியிருந்தாத்தான்டி நான் செத்தேன். ஜாஸ்தின்னா இன்னா, நாளைக்கு நீ எனக்கு முன்னாடி வந்து மிஷின தொடைச்சி வெய்யி" என்றபடி சுகரா பேகத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு, கால்களை நீட்டித் தரையில் உட்கார்ந்தார்.

பஞ்சாட்சரம் ஓடிப்போய்ப் பூட்டை எடுத்து, ஷட்டரை ஒரே தூக்காகத் தலைக்கு மேல் ஏற்றினார். மதிய வெயில் கூடத்துக்குள் பாதி தூரம் பாய்ந்து சம்பூர்ணத்தின் முகத்தில் விழுந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உப்புத் தண்ணீர் டம்ளரை ஒரு கையில் வாங்கிக்கொண்டார். மற்ற கையைக் கவிழ்த்து, கண் கூசுகிறது என்பதுபோல, ஷட்டரைக் கீழே இறக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.